கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு நாள்

நமது சங்கத்தின் ஆண்டு மலருக்குச் சரித்திர சம்பந்தமான கட்டுரையொன்று எழுதி அனுப்புமாறு செயலாளர் அவர்கள் கடிதம் விடுத்திருந்தார்கள். சரித்திரத்தை ஒரு பாடமாகப் படிக்கின்றேன் என்பதைத் தவிர அதற்கு எனக்குள்ள தகுதி வேறொன்றுமில்லை. ஆராய்ச்சி செய்து எழுதும் வல்லமை இன்னும் வாய்க்கவுமில்லை. ஆகவே, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் படிக்கும் யான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிற் புறப்பட்டு இரவில் விடுதிக்குத் திரும்பிய சிறு பிரயாணம் ஒன்றைப் பற்றியே எழுதத் துணிந்தேன். மூத்தோர் பிழை பொறுப்பார்களாக. தம்பிமாருக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றேன். போகும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதிகம் பேசவில்லை.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கடல் கடந்து படிக்கப் போவது புதிய சங்கதியன்று. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டைச் செமினரியிலிருந்து போனவர்களே. நாவலர் பெருமான் 1864இல் சிதம்பரத்திலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் 1931இல் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் மட்டக்களப்பு மண்ணின் விபுலானந்த அடிகளார். ஆகையாற் சிதம்பரத்தில் இறங்கும் யாழ்ப்பாணத்தவனுக்கு அந்நிய ஊரில் இறங்கினோம் என்ற எண்ணம் முதல் இரண்டு நாளுக்கு வருவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் அது தானாக வரும். இடியப்பத்துக்குச் சொதி கேட்டால் அவர்கள் தேங்காய்ப்பாலிற் சீனி போட்டுக் கொண்டுவருவார்கள்.

யான் படித்தது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே எமக்குச் சரித்திரம் நன்றாகவே கற்பித்தார்கள். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலின் கீழ் மறைந்த பொம்பேயி நகரத்தின் தெருக்களை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் சோழர் சரித்திரம் எனக்குப் பாடசாலையில் வாய்க்கவில்லை. அது வீட்டிலும் கோயில் வீதியிலும் மேடைப் பேச்சிலும் காதில் விழுந்தது. கங்கை கொண்டான், கடாரம் கொண்டான் என்று ஒருவர் மேடையில் முழங்கினால் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு உடம்பு சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்போடுதான் விடுதி நண்பன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். அவன் விவசாயம் படிப்பவன். காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே ஒரு கிராமத்தான். சரித்திரத்தில் அவனுக்கு ஈடுபாடு குறைவு. நெல்லிலும் தண்ணீரிலும் ஈடுபாடு அதிகம்.

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயிலை நோக்கிப் போகும் பஸ் லால்பேட்டையை அணுகும்போது கடல்போல் ஒரு நீர்ப்பரப்புத் தோன்றும். அதுதான் வீரநாராயண ஏரி; இக்காலத்து மக்கள் வீராணம் என்பர். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் படித்தவர்களுக்கு, ஆடிப் பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையேறி வரும் கரை இதுவே என்று சொன்னாற் போதும். பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், 907 முதல் 955 வரை ஆண்ட முதலாம் பராந்தகன் காலத்து ஏரி. அவன் விருதுப் பெயர்களில் ஒன்று வீரநாராயணன். 2004ஆம் ஆண்டு முதல் சென்னைப் பட்டணத்துக்கும் இங்கிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் போகின்றது. "ஆயிரம் வருஷத்து ஏரி, இன்னும் எங்க வயலுக்குத் தண்ணி குடுக்குது பாரு" என்றான் நண்பன். குளமும் துரவும் கிணறுமே கண்டு வளர்ந்த எனக்கு அந்தக் கரையின் நீளம் மலைப்பைத் தந்தது. பராந்தகனை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டுகின்றேன். அவனைப் பற்றி இன்னொரு காரியம் பின்னே வரும்.

காட்டுமன்னார்கோயில் பஸ் நிலையத்தில் நண்பனின் தம்பி காத்து நின்று, தாயார் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுப் பொதியைத் தந்தான். பிறகு மீன்சுருட்டி வழியாகப் போய்க் கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்கினோம்.

இறங்கியதும் ஒரு ஏமாற்றம். ஏறத்தாழ 1025 முதல் இரண்டரை நூற்றாண்டுக் காலம் சோழப் பேரரசின் தலைநகராக இருந்த இடத்தில், றோட்டோரத்தில் இரண்டு மூன்று தேநீர்க் கடைகள், வேலிக்கருவைப் பற்றைகள், சில வயல்கள், நடுவே ஒரு கோயில். இவ்வளவுதான். ஆனால் வாயிலைத் தாண்டிப் புற்றரையிற் கால் வைத்து அண்ணாந்து பார்த்தபோது ஏமாற்றம் போன இடம் தெரியவில்லை. ஒன்பது நிலை விமானம், ஏறத்தாழ 53 மீற்றர் உயரம். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் பதின்மூன்று நிலை கொண்டு ஏறத்தாழ 60 மீற்றர் உயரும். தஞ்சை விமானம் கோடு கீறியதுபோல் நேரே மேலே ஏறும். இது இடையில் மெல்ல உள்வாங்கி வளைந்து ஏறுகின்றது. தகப்பனாகிய இராசராசனுக்குப் பணிந்தே மகன் உயரத்தைக் குறைத்தான் என்று வழிகாட்டிகள் சொல்லுகின்றனர். அவ்வளவு பணிவுடையவன் தகப்பனின் தலைநகரையே ஏன் விட்டு வந்தான் என்று கேட்டால் அவர்கள் அடுத்த சிற்பத்துக்கு நடந்துவிடுவார்கள். மூலஸ்தானத்துச் சிவலிங்கம் ஏறத்தாழ 13 அடி உயரம். ஐப்பசிப் பூரணையன்று மூட்டை மூட்டையாக அரிசி சமைத்து அதற்கு அன்னாபிஷேகம் செய்கின்றார்கள். 1987இல் தஞ்சைக் கோயிலை உலக மரபுச் சின்னமாக ஏற்ற யுனெஸ்கோ, 2004இல் இதையும் தாராசுரத்தையும் அதனோடு சேர்த்துக்கொண்டது.

சிங்கமுகக் கிணற்றைப் பார்த்துவிட்டு நிழலில் உட்கார்ந்து, பல்கலைக்கழக நூல்நிலையத்தில் எடுத்த குறிப்புகளை நண்பனுக்கு வாசித்துக் காட்டினேன். சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்திலிருந்து எடுத்தவை. பண்டாரத்தாரும் எங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தவரே. இராசேந்திரன் மெய்க்கீர்த்தியில் அவன் கொண்ட நாடுகள் வரிசையாகச் சொல்லப்படும். அந்த வரிசையில் ஈழ அரசனின் முடியும், அவன் தேவியரின் முடியும், முன்னொரு நாள் பாண்டியன் ஈழத்தில் வைத்துப்போன முடியும் இந்திரன் ஆரமும் கைப்பற்றப்பட்ட செய்தி வரும். யான் அதைப் பெருமையோடு வாசித்துக்கொண்டு போக, நண்பன் சிரித்தான்.

"என்னப்பா, உங்க ராஜாவோட கிரீடத்தை எங்க ராஜா புடுங்கிட்டு வந்துட்டாரே, உனக்குக் கோபம் வரலையா?"

"எங்கட ராஜாவோ?" என்றேன்.

"ஆமாம்ப்பா, ஈழத்து ராஜா. நீயும் ஈழம்தானே?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்கு மறுமொழி வரவில்லை. எங்கள் ஊரில் இது கேள்வியே அன்று. சோழன் நம்மவன், முடியிழந்த மகிந்தன் மற்றவன். சரித்திரத்தை நாங்கள் அப்படித்தான் பங்கு பிரித்து வைத்திருக்கின்றோம். காட்டுமன்னார்கோயில் பிள்ளையின் பூகோளத்திலோ கடலுக்கு இந்தப் பக்கம் சோழநாடு, அந்தப் பக்கம் ஈழம். அவன் கணக்கில் யான் தோற்ற பக்கத்து ஆள்.

என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக, பாண்டியன் முடியின் கதையை அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல, அந்தக் கதையை யானே அதுவரை சரியாகக் கவனித்ததில்லை என்பது தெரிந்தது.

காலையில் ஏரிக்கரையிற் கண்ட பராந்தகன் மதுரையை வென்றான். தோற்ற பாண்டியன் இராசசிம்மன் இலங்கைக்கு ஓடி, உதவிப் படை கேட்டான். அநுராதபுரத்துப் பிரபுக்கள் தமக்குள்ளே பிணங்கியதால் உதவி கிடைக்கவில்லை. அவன் தன் முடியையும் மற்ற அரச சின்னங்களையும் இலங்கை மன்னனிடம் வைத்துவிட்டுக் கேரளம் போனான். அந்த முடியின்றி மதுரையில் முறைப்படி முடிசூட முடியாத பராந்தகன், பின்னர் ஆளனுப்பி அதைக் கேட்டான். அப்போது இலங்கையை ஆண்டவன் உதயன் என்பவன். குடிப் பிரியன், சோம்பேறி என்று, மகாவமிசத்தின் பிற்பகுதியாகிய சூளவமிசமே அவனைக் குறைகூறும். அத்தகையவன்கூட முடியைக் கொடுக்க மறுத்தான். சோழப் படை கடல் கடந்து வந்தது. முடியைத் தூக்கிக்கொண்டு உரோகண நாட்டுக்குள் அவன் ஒதுங்கினான். படை அங்கே புக முடியாமல் வெறுங்கையோடு திரும்பியது. அதன்பின் அந்த முடி இராசேந்திரன் கைக்கு வர ஏறத்தாழ எழுபது ஆண்டு சென்றது.

பாண்டியன் சிங்களவனுக்கு உறவுமல்லன். அவன் திரும்பி வந்து கேட்கப்போவதுமில்லை. வைத்துப்போனவன் போய், வாங்கி வைத்தவனும் போய், எத்தனையோ அரசர் மாறிய பின்பும் தமிழ் வேந்தன் ஒருவனின் முடியை மற்றொரு தமிழ் வேந்தனுக்குக் கொடாது காத்திருக்கின்றார்கள். அரசியல் இலாபம் கருதியே காத்திருக்கலாம். மதுரை முடியைக் கையில் வைத்திருப்பது சோழனுக்கு எதிரான ஒரு பிடிதான். ஆயினும் அடைக்கலப் பொருள் என்று ஒன்றைப் பற்றி நம்முடைய பாட்டிமார் எப்படிப் பேசுவார்கள் என்பதை அறிந்த எவருக்கும் இந்தக் கதை நெஞ்சில் தைக்காமற் போகாது.

"அப்போ உங்காளுங்க நாணயமானவங்கதான்" என்றான் நண்பன். உங்காளுங்க! இம்முறை யான் திருத்தவில்லை.

முடி போன கதையின் மறுபாதி சூளவமிசத்தில் இருக்கின்றது. இராசராசனின் படை 993இல் வந்தபின் அநுராதபுரம் அழிந்து, சோழர் பொலநறுவையைத் தலைநகராக்கிச் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டனர். ஐந்தாம் மகிந்தன் தெற்கே உரோகணத்தில் ஒதுங்கியிருந்தான். 1017 அளவில், அவனது முப்பத்தாறாம் ஆட்சியாண்டில், இராசேந்திரன் படை அவனையும் தேவியையும் முடி முதலிய பொருள்களையும் கைப்பற்றிச் சோழநாட்டுக்கு அனுப்பியது. விகாரைகளில் தாது வைத்த அறைகளை உடைத்துப் பொற்சிலைகளை எடுத்தார்கள் என்று அந்நூல் வருந்திச் சொல்லுகின்றது. மகிந்தன் பன்னிரண்டு ஆண்டு சோழநாட்டிற் சிறையிருந்து, ஊர் திரும்பாமலே இறந்தான்.

இதை முதன்முதல் நூல்நிலையத்தில் வாசித்தபோது, எங்கோ முன்னரே கேட்ட கதைபோல் இருந்தது. எங்கே என்று பிடிபட ஒரு கிழமை சென்றது. மிஷன் பாடசாலையில் வேதபாடம் என்று ஒரு பாடம் உண்டு. சைவப் பிள்ளைகளும் இருந்து கேட்போம், பரிசும் வாங்குவோம். அதிலே பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, ஆலயத்துப் பொன் பாத்திரங்களையும் இளவரசன்போலிருந்த யோயாக்கீன் ராசாவையும் தாயோடும் தேவியரோடும் சிறைகொண்டுபோன கதை வரும். யோயாக்கீன் அந்நிய நாட்டிலே காலங்கழிப்பான். அந்தக் கதையைக் கேட்கும்போது வகுப்பில் இருந்த நாங்கள் எல்லோரும் எருசலேமின் பக்கம். பாபிலோனின் பக்கம் நின்ற பிள்ளை ஒருவனையேனும் யான் கண்டதில்லை. இப்போது பாபிலோன் கோயிலின் நிழலிலே புளிச்சோறு தின்றுகொண்டிருந்தேன்.

இப்படி எழுதியதற்காகப் பெரியவர்கள் என்மீது சினக்க வேண்டாம். சோழர் பௌத்தத்தின் வைரிகள் என்று சொல்ல யான் வரவில்லை. அப்படிச் சொல்வது சரித்திரமும் ஆகாது. நாகபட்டினத்தில் ஸ்ரீவிசய மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை விட்டுக்கொடுத்தவன் இராசராசன். திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரை அவன் பெயராலே இராசராசப் பெரும்பள்ளி என்று வழங்கியது. அங்கே தமிழ்ப் பௌத்தர் விளக்கெரிக்கக் கொடுத்த தானங்கள் தமிழிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. 1070இல் சோழரை ஓட்டிய முதலாம் விசயபாகுவே தமிழ் வேளைக்காரப் படையை வைத்திருந்தான். அவன் மறைவுக்குப் பின் புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காப்போம் என்று அந்தப் படையினர் சத்தியம் செய்த தமிழ்க் கல்வெட்டுப் பொலநறுவையில் இன்றும் நிற்கின்றது. ஆக, நாம் பிரித்து வைத்த பங்கு அக்காலத்தவருக்கே தெரிந்திருக்கவில்லை. ஆனால் உடைத்த அறை உடைத்த அறைதான்.

சாப்பிட்டு எழுந்து, வடபுற வாயிலருகே உள்ள சண்டேசுவர அநுக்கிரக மூர்த்தியைப் பார்க்கப் போனோம். பெருமான் உமையோடு அமர்ந்து, கீழே கைகூப்பியிருக்கும் சண்டேசர் தலையிலே தம் கையாற் கொன்றை மாலையைச் சுற்றுகின்றார். கல்லிற் செய்த மாலை. ஆயினும் விரல்கள் அதை இறுக்காமல் நோகாமற் சுற்றுவதுபோல் இருக்கும். சேய்ஞலூர்ப் பிள்ளையின் கதையை நமது வாசகர்களுக்கு யான் சொல்லத் தேவையில்லை. இராசேந்திரன் தன்னையே சண்டேசராகப் பாவித்து, இறைவன் கையால் முடிசூட்டிக்கொள்ளும் பாவனையில் இதை அமைப்பித்தான் என்று கருதுவோர் உண்டு. அப்படியானால், இத்தனை அரசரின் முடிகளைப் பறித்தவனுக்குக் கடைசியில் வேண்டியிருந்தது ஒரு பூமாலை. அந்தச் சிற்பத்தின் முன் கால்மணி நேரம் நின்றேன். பக்கத்தில் ஒரு பிள்ளை தகப்பனிடம், "அப்பா, சாமி ஏன் அவருக்குத் தலைப்பாகை கட்டுது?" என்று கேட்டது.

கோயிலிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் நடந்தால் மாளிகைமேடு. சோழர் அரண்மனை இருந்த இடம். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1980இல் தொடங்கிப் பலமுறை அகழ்ந்து, 2021க்குப் பின் மீண்டும் அகழ்ந்த இடம். கூரையிட்ட குழிகளுக்குள் செங்கற் சுவர்களின் அடிப்பாகம் தெரிகின்றது. தூண் நிறுத்திய கருங்கற் பீடங்கள் கிடக்கின்றன. கூரை ஓடு, இரும்பாணி, யானைத்தந்தத்திற் செய்த பொருள், சீனத்துப் பீங்கான் எல்லாம் இங்கே கிடைத்தன. சீனப் பீங்கான் என்றதும் எனக்கு யாழ்ப்பாணக் கோட்டை ஞாபகம் வந்தது. அங்கேயும் அண்மைக் கால அகழ்வுகளில் சீனத்துப் பீங்கான் ஓடுகள் வந்தன.

கடவுளுக்கு இவர்கள் கருங்கல்லால் வீடு கட்டினார்கள். தமக்குச் செங்கல்லாற் கட்டினார்கள். ஆகையால் அவர் வீடு நிற்கின்றது, இவர்கள் வீடு மேடாகிவிட்டது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைப் பார்த்து, "எந்த ஊரு தம்பி?" என்றார்.

"யாழ்ப்பாணம், ஐயா."

"சிலோனா?" என்று ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க பாட்டன் வீட்டுச் செவுரெல்லாம் இந்த மேட்டுச் செங்கல்லுதான். அப்ப யாரும் கேக்கல. தோண்டுனா வந்துச்சு, எடுத்தாங்க. இப்ப தொட்டா கேசு."

அவர் சொல்லில் வருத்தமுமில்லை, பெருமையுமில்லை. சுற்றியுள்ள சிற்றூர்களின் பெயர்களையும் அவரே சொன்னார். உட்கோட்டை, ஆயுதக்களம், கடாரங்கொண்டான். நகரம் போய்விட்டது, அதன் உறுப்புகளின் பெயர்கள் மட்டும் ஊர்களாகிச் சீவிக்கின்றன. கச்சேரியடி, முத்திரைச்சந்தி, சங்கிலியன் தோப்பு என்று நாம் சொல்லிக்கொண்டு திரிவதுபோலத்தான்.

பொன்னேரியைத் தூரத்திலிருந்தே பார்த்தோம். கங்கைக்கு 1023 அளவில் படை அனுப்பிய இராசேந்திரன், தோற்ற அரசர் தலையில் கங்கை நீரைச் சுமப்பித்துக் கொண்டுவந்து சோழகங்கம் என்னும் ஏரியை அமைத்தான் என்றும், அது நீராலான வெற்றித்தூண் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடு பேசும். அந்தச் சோழகங்கந்தான் பொன்னேரி. இதைக் கேட்டவுடன் யாழ்ப்பாணத்தவன் எவனுக்கும் நல்லூர் யமுனா ஏரி நினைவுக்கு வரும். ஆரியச் சக்கரவர்த்திகளில் ஒருவர் யமுனை நீரைக் காவடியில் எடுப்பித்து வந்து சொரிந்து அந்தக் கேணியைப் புனிதமாக்கினார் என்பது நம் வழக்கு. நண்பனுக்கு அதையும் சொன்னேன்.

"எத்தனை ஏக்கர்?" என்று கேட்டான், விவசாய மாணவனல்லவா!

'ப' வடிவமான ஒரு கேணி, அவ்வளவுதான் என்று சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது. "சின்னதுதான். ஆனால் ஏரி என்றுதான் சொல்லுவோம்" என்றேன்.

மாலையில் அணைக்கரைக்குப் போகலாம் என்றவன் நண்பனே. கும்பகோணம் றோட்டில் சில மைல் தெற்கே, கொள்ளிடத்தின் குறுக்கே ஆங்கிலேயர் 1836இல் கட்டிய கீழணை இருக்கின்றது. கட்டுவித்தவர் ஆதர் கொற்றன் என்னும் பொறியியலாளர். தன் வீட்டு வயலுக்கு வரும் தண்ணீரின் தலைவாயிலை எனக்குக் காட்ட நண்பனுக்கு ஆசை. இங்கிருந்து வடவாறு என்னும் வாய்க்கால் வழியாகவே வீராணத்துக்குக் காவிரித் தண்ணீர் போகின்றது. மதகுகளுக்கூடாக நீர் நுரைத்து விழுவதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். அதன்பின் அந்தக் கல்லைப் பற்றி யான் வாசித்ததைச் சொன்னேன்.

கங்கைகொண்ட சோழபுரக் கோயிலைச் சூழ்ந்திருந்த பெரிய கருங்கல் மதிலில் ஏறக்குறைய முழுவதையும் இந்த அணைக்காகவே உடைத்து எடுத்தார்கள். சிற்பங்களோடு கூடிய வேறு பகுதிகளும் போயின. ஊர் ஏழைகள் தம்மால் இயன்ற மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது அவமதிப்பு என்று தண்டனை. கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவோம் என்று அரசினர் வாக்குக் கொடுத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தச் சேதியை எழுதி வைத்தவர், அந்த வாக்கு நிறைவேறவில்லை என்றும் எழுதியிருக்கின்றார்.

நண்பன் நெடுநேரம் பேசாமல் நின்றான். பிறகு, "அணை இல்லேன்னா எங்க தாத்தாவுக்கு வயலே இல்லப்பா. நான் என்னன்னு சொல்றது?" என்றான். காலையில் என்னிடம் அவன் கேட்டதற்கு எனக்கு மறுமொழி வராததுபோல, மாலையில் அவனுக்கும் வரவில்லை. அந்த வகையில் இருவரும் சமமானோம்.

எனக்கு அந்தக் கணத்தில் நினைவு வந்தது எங்கள் கோட்டை. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த பறங்கியரின் தளபதி பிலிப் தெ ஒலிவேறா, 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். இடித்த கோயிற் கற்கள் கோட்டைக்குப் போயின என்று சிறு வயது முதல் கேட்டு வருகின்றோம். 1658இல் ஒல்லாந்தர் வந்து அந்தக் கோட்டையைத் தம் முறைப்படி மாற்றிக் கட்டினர். அந்தக் கோட்டைக்குள்ளே சோழர் கல்வெட்டொன்றின் துண்டு கண்டெடுக்கப்பட்டு, பேராசிரியர் கா. இந்திரபாலா அவர்களால் 1971இற் பதிப்பிக்கப்பட்டது. அது முதலாம் இராசேந்திரன் காலத்தது. அதாவது, அவன் கோயில் மதில் வெள்ளைக்காரன் அணைக்குள் கிடப்பதுபோல, அவன் பெயர் சொல்லும் கல்லொன்று வேறொரு வெள்ளைக்காரன் கோட்டைக்குள் எங்கள் ஊரிலே கிடந்திருக்கின்றது. கொள்ளிடத்துக் கல்லாவது வயலுக்குத் தண்ணீர் திருப்புகின்றது. நமது கல் 1990ஆம் ஆண்டு முற்றுகையையும் குண்டு வீச்சையும் கண்ட கோட்டைக்குள் என்ன வேலை செய்ததென்று சொல்லவேண்டியதில்லை.

ஒலிவேறா இடித்ததை நானூறு ஆண்டாக நாம் மறக்கவில்லை. 1981இல் எரிந்த நமது நூல்நிலையத்தின் 97,000 நூல்களையும் மறக்கப் போவதில்லை. மறக்கவும் கூடாது. உடைத்த தாதுக் கருவறைகளை ஆயிரம் ஆண்டாக ஒரு நூலில் எழுதி வைத்துக்கொண்டிருப்பவர்களின் ஞாபகசக்தியைப் பற்றி மட்டும் நாம் ஏன் முறைப்படுகின்றோம் என்பது எனக்கு இப்போது விளங்கவில்லை. மேடையிலே கங்கை கொண்டான், கடாரம் கொண்டான் என்று இனி ஒருவர் முழங்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்குமா என்றாற் சிலிர்க்கும் என்றே நினைக்கின்றேன். அந்த விமானத்தை அண்ணாந்து பார்த்த கழுத்து நோவு இரண்டு நாள் இருந்தது; அது பொய்யன்று. ஆனால் அடுத்த வரியில் ஈழத்து முடி என்று வந்தால், நண்பன் குரலும் கூடவே வரும்.

இருட்டிய பின் பஸ் ஏறினோம். வீராணம் கறுத்துக் கிடந்தது. சிதம்பரம் வந்து, விடுதியிற் கைகால் கழுவிப் படுக்கப் போகும்போது நண்பன் எழுந்து உட்கார்ந்தான்.

"அந்தக் கல்லு, உங்க கோட்டையில கெடைச்சதுன்னியே, பாக்க எப்படி இருக்கும்?"

"நான் பார்க்கவில்லை" என்றேன்.

"உங்க ஊர்ல இருந்தும் பாக்கலையா? பொலநறுவையாவது பாத்திருக்கியா?"

பாடசாலைச் சுற்றுலாவில் ஒருமுறை போயிருக்கின்றேன். இராசராசன் தேவியின் பெயரால் அமைந்த வானவன் மாதேவி ஈச்சரத்தின் முன்னே நின்று படமும் எடுத்தேன். அந்த வேளைக்காரர் கல்வெட்டின் பக்கத்தாலே நடந்து போயிருக்கின்றேன், என்னவென்று தெரியாது. பஸ் சாரதி ஹோர்ண் அடித்ததால் ஓடினோம். இதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன்.

வரும் சித்திரை விடுமுறைக்கு அவன் என்னோடு யாழ்ப்பாணம் வருகின்றான். 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று நின்று ஓடும் நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் அந்நாளில் ஓடினாற் கப்பலில். இல்லையேல் விமானத்துக்குக் காசு சேர்க்க வேண்டும். அவனுக்கு யமுனா ஏரியைக் காட்டுவேன், சிரிக்கட்டும். கல்வெட்டுத் துண்டு இப்போது எங்கே வைக்கப்பட்டுள்ளதென்று விசாரித்துக் கூட்டிக்கொண்டு போவேன். அதன்பின் பொலநறுவைக்கு ஒரு நாள். வானொன்று பிடித்தாற் பன்னிரண்டு பேர் போகலாம். இருவர் ஆயிற்று, பத்து இடம் இருக்கின்றது. வர விரும்பும் அங்கத்தவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுப்பார்களாயின், மதியச் சோற்றுக்கு யார் வீட்டிற் பொதி கட்டுவதென்பதை நேரிற் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.